ஒரே தொட்டியில் சண்டையில்லாமல் மீன் வளர்ப்போம்



கண்டி டவுனுக்குச் சாமான் வாங்கப் போகும் நாளில், மீன் கடையைக் கண்டால் பிள்ளைகள் லேசில் நகரமாட்டார்கள். "அம்மா, இதுல ரெண்டு, அதுல ரெண்டு" என்று கேட்பார்கள். நாமும் நிறத்தைப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். ஒரு வாரத்தில் ஒரு மீன் செத்து மிதக்கும். இன்னொன்றுக்கு வால் இருக்காது. மூன்றாவது மீன் காணாமலே போயிருக்கும். "கடைக்காரர் நோய் மீனைக் குடுத்துட்டாரு" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பல வேளைகளில் காரணம் நோய் அல்ல. ஒன்றோடொன்று சேராத மீன்களை ஒரே தண்ணீரில் விட்டதுதான் காரணம்.

மலையேறிக் கொழுந்து பறித்துச் சம்பாதித்த காசு இப்படி வீணாகலாமா? காசைக் கொடுக்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

1. பெருசானா எவ்வளவு வரும்?

கடைத் தொட்டியில் இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகள். இரண்டு அங்குல ஒஸ்கார் வளர்ந்தால் ஓரடி வரும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் 'டாங்க் கிளீனர்' மீனும் ஓரடிக்கு மேல் வளரக்கூடியது. மீன் உலகத்தில் ஒரு சட்டம் உண்டு: வாய்க்குள் நுழையக்கூடியது எல்லாம் இரைதான். வளர்ந்த ஏஞ்சல் மீனோடு ஒன்றரை அங்குல நியோன் டெட்ராவை விட்டால், காலையில் டெட்ரா இருக்காது. ஏஞ்சல் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அது அதன் இயல்பு.

2. குணம் எப்படி?

அளவு ஒத்துப்போனாலும் குணம் ஒத்துப்போக வேண்டும். டைகர் பார்ப் பார்க்க அழகு. ஆனால் நீண்ட செட்டைகளைக் கடித்து இழுக்கும். அதனால் கப்பி, ஏஞ்சல், பைட்டர் ஆகியவற்றோடு அதை விடக்கூடாது. ஆண் பைட்டர் இரண்டை ஒன்றாக விட்டால் சாகும்வரை சண்டை பிடிக்கும். பெரிய வால் உள்ள ஆண் கப்பியைக்கூட அது இன்னொரு பைட்டர் என்று நினைத்துத் தாக்கலாம். எனவே பைட்டருக்குத் தனி வீடே நல்லது.

3. நம்ம ஊர்க் குளிரைத் தாங்குமா?

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா ஏறத்தாழ 1,900 மீற்றர். 1,000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 பாகை குறையும். ஆகவே கண்டி டவுனில் நன்றாக வாழும் மீன், புசல்லாவை, தெல்தோட்டைப் பக்கத்து லயக் காம்பராவில் மார்கழிக் குளிரில் வாடிப்போகலாம். டிஸ்கஸ் மீனுக்கு 28 பாகை அளவில் சூடான தண்ணீர் தேவை. அது நமக்கு வேண்டாம். தங்கமீனோ குளிர்ந்த தண்ணீரை விரும்பும். ஆனால் அது பெரிதாக வளரும், தண்ணீரையும் சீக்கிரம் அழுக்காக்கும். அதைச் சின்ன மீன்களோடு சேர்க்காமல் தனியே வளர்க்க வேண்டும்.

தண்ணீரின் தன்மையையும் பாருங்கள். வீட்டுக் கேத்தலின் உள்ளே வெள்ளையாகப் படிவு பிடிக்கிறதா? பிடித்தால் அது கடினத் தண்ணீர். தேயிலை மலைக்குப் போடும் டோலமைட் கல் நிறைந்த திகனைப் பக்கத்தில் இப்படி இருக்கும். அதில் மொலி, பிளாட்டி, கப்பி செழிக்கும். படிவு இல்லாத மென்மையான பீலித்தண்ணிக்கு பார்ப், ஸீப்ரா, டெட்ரா பொருந்தும்.

4. தனியா இருக்குமா, கூட்டமா இருக்குமா?

பார்ப், ஸீப்ரா, டெட்ரா போன்றவை கூட்டமாக வாழும். ஆறுக்குக் குறையாமல் விடவேண்டும். "ரெண்டு போதும்" என்று விட்டால் பயந்து மூலையில் ஒளியும், அல்லது மற்ற மீன்களைக் கடிக்கும். கப்பியில் ஒரு ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆண்கள் ஒரு பெண்ணையே விரட்டிக் களைக்க வைக்கும். பெண் கப்பி சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும் என்பதையும் மறக்கவேண்டாம். குட்டி வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் வாங்குங்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி சுமார் 50 லீற்றர் பிடிக்கும். பாரம் 50 கிலோவுக்கு மேல்; ஆடாத மேசை வேண்டும். சின்ன மீன்களுக்கு, வளர்ந்த பின் உள்ள நீளத்தில் ஒரு சென்ரிமீற்றருக்கு ஒரு லீற்றர் என்று கணக்கு வையுங்கள்.

கண்டி நகரச் சூட்டுக்கு: செரி பார்ப் 6 (30 செ.மீ.), ஆண் கப்பி 5 (15 செ.மீ.). மொத்தம் 45.

குளிர் கூடிய தோட்டத்துக்கு: மேல் தண்ணீரில் நீந்தும் ஸீப்ரா 6 (24 செ.மீ.), அடியில் மேயும் சின்னக் கெளுத்தியான புள்ளிக் கொரிடோரஸ் 4 (24 செ.மீ.). மொத்தம் 48. ஒன்று மேல் வீட்டிலும் மற்றது கீழ் வீட்டிலும் குடியிருப்பது போல, தகராறு இல்லை.

செரி பார்ப் நம் நாட்டுக்கே உரிய மீன். சிங்களத்தில் 'லே தித்தயா' என்பார்கள். இன்னொரு உள்நாட்டு மீன் 'புலத் ஹபயா', அதாவது வெற்றிலை போட்டவன். ஆண் மீனின் தலை சிவந்து, வெற்றிலை மென்ற வாய் போல இருப்பதால் இந்தப் பெயர். இவை தென்மேற்கு மழைக்காட்டு ஓடைகளில் வாழ்பவை. வளர்ப்பு நிலையத்தில் பெருக்கிய மீனையே கேட்டு வாங்குங்கள். காட்டு ஓடையில் வலை போட வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பின்

• பைப் தண்ணீரில் குளோரின் இருந்தால், வாளியில் ஒரு நாள் வைத்த பின் ஊற்றுங்கள். நுளம்பு முட்டையிடாதபடி துணியால் மூடுங்கள்.
• களைநாசினி, மருந்து கலந்த வாளியை எக்காரணம் கொண்டும் பாவிக்க வேண்டாம். கழுவினாலும் ஆபத்துத்தான்.
• மீன் பையை 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டுப் பிறகு திறந்து விடுங்கள்.
• எல்லா மீனையும் ஒரே நாளில் விடாதீர்கள். கழிவைச் சிதைக்கும் நல்ல கிருமிகள் பெருகச் சில வாரம் எடுக்கும். முதலில் ஒரு கூட்டம், பிறகு மற்றது.
• இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி போடுங்கள். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள்.
• செட்டை கிழிந்திருந்தால், ஒரு மீன் எப்போதும் ஒளிந்திருந்தால், அங்கே சண்டை நடக்கிறது. அன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

சேராத மீனை என்ன செய்வது?

"பாவம், ஆத்துல விட்டுடுவோம்" என்று பலர் நினைக்கிறார்கள். இதுதான் பெரிய தவறு. தென்னமெரிக்காவிலிருந்து தொட்டி மீனாக வந்த டாங்க் கிளீனர் இன்று கண்டிக்குப் பக்கத்துப் பொல்கொல்லை நீர்த்தேக்கத்திலேயே வாழ்ந்து பெருகுகிறது. கெட்டியான ஓடும் முள்ளும் உள்ள அந்த மீன் சிக்கினால் மீனவரின் வலை கிழியும். கரையில் வளை தோண்டி முட்டையிடும். ஒருமுறை பெருகிய பிறகு அதை எடுத்து முடிக்க யாராலும் இயலாது. நம் மலைகளின் ஓடைகள் பலவும் மகாவலியில் சேர்ந்து, பேராதனை வழியாகப் பொல்கொல்லைக்குத்தான் போகின்றன. லயத்துக்குப் பின்னால் ஓடும் சின்ன ஓடையில் விடும் மீனும் அங்கே போய்ச் சேரலாம்.

ஆகவே சேராத மீனைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுங்கள். வாங்கும்போதே, "சேரலன்னா திருப்பி எடுப்பீங்களா?" என்று கேட்டு வையுங்கள். இதை ஐந்தாவது கேள்வியாக வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளே, பதில் சொல்லுங்கள்

1. 50 லீற்றர் தொட்டியில் செரி பார்ப் 6 இருக்கிறது. ஒரு ஒஸ்கார் சேர்க்கலாமா?
2. டைகர் பார்ப்போடு கப்பியை ஏன் விடக்கூடாது?
3. உங்கள் வீட்டுக் கேத்தலில் வெள்ளைப் படிவு இருக்கிறதா? அப்படியானால் எந்த மீன் பொருந்தும்?

விடைகளை அம்மா அப்பாவோடு பேசி, ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மீன் கடைக்குப் போங்கள்.