யூரியாவா, சல்பேற்றா, கூட்டெருவா?

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபின் கொழுந்து குறைந்ததை மலையகம் கண்ணால் கண்டது. தேயிலைக்கு நைதரசன் கட்டாயம் வேண்டும். அதை எந்த மூட்டையில் வாங்குவது என்பதை ஹட்டன், நுவரெலியா பக்கத்துச் சிறுதோட்டக்காரர் தம் மண்ணைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மண்ணுக்குள் நடப்பது

யூரியா முதலில் அமோனியமாக மாறும். தேயிலை வேர் விரும்பி எடுப்பது இதைத்தான். எஞ்சியதை நுண்ணுயிர்கள் ஐதரொட்சிலமீனாக்கி, பிறகு நைத்திரைற்று, நைத்திரேற்று என மாற்றும். ஐதரொட்சிலமீன் மண்ணில் தங்காது. அதில் ஒரு பகுதி நைதரசு ஒட்சைட்டு வாயுவாகிப் பறந்துவிடும். நைத்திரேற்றோ மண்ணில் ஒட்டாமல் மழையோடு இறங்கிவிடும். செடி எடுக்கும் அளவுக்கு மேல் போட்ட உரம் இந்த இரு வழிகளிலும் வீணாகும்.

மூன்றையும் ஒப்பிட்டால்

*யூரியா:* 46% நைதரசன். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ இருப்பதால் மலையேற்றும் சுமை குறைவு. காய்ந்த மண்ணின் மேல் தூவினால் அமோனியாவாக ஆவியாகிவிடும்.

*அமோனியம் சல்பேற்று:* நைதரசன் 21%தான். கூடவே 24% கந்தகம் உண்டு. அமில மண்ணில் ஆவியாகாது. ஆனால் ஒரே அளவு நைதரசனுக்கு, யூரியாவைப் போல இரு மடங்கு அமிலத்தை மண்ணில் சேர்க்கும்.

*கூட்டெரு:* ஈரத்தையும் சரிவு மண்ணையும் பிடித்து வைக்கும். ஆனால் 1,000 கிலோ தேயிலைத்தூளோடு சுமார் 40 கிலோ நைதரசன் தோட்டத்தை விட்டுப் போகிறது. 1% நைதரசனுள்ள கூட்டெருவால் அதை ஈடுகட்ட 4,000 கிலோ தேவை. தனித்து நம்பினால் போதாது.

எதை எடுப்பது?

தேயிலைக்கு ஏற்ற பிஎச் 4.5 முதல் 5.5 வரை.

- 4.5க்குக் கீழே: சல்பேற்றைத் தவிருங்கள். யூரியா போடுங்கள், கவ்வாத்துக் காலத்தில் டொலமைற் இடுங்கள். இரண்டையும் ஒன்றாகத் தூவாதீர்கள், அமோனியா பறந்துவிடும்.
- 4.5 – 5.5: யூரியாவும் கூட்டெருவும்.
- 5.5க்கு மேலே: சல்பேற்று.

எதுவானாலும் பல தடவையாகப் பிரித்து, மண் ஈரமாக இருக்கும்போது போடுங்கள். தென்மேற்குப் பருவத்தின் அடைமழையிலும் கடும் வெயிலிலும் வேண்டாம். அளவை, 1925இல் தொடங்கிய தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரைப்படி, மண்ணைச் சோதித்தபின் தீர்மானியுங்கள்.

மலையில் அதிகமாய்ப் போட்டது கீழே லயத்துப் பீலித் தண்ணீருக்கு வரும். அதைக் குடிப்பவர்கள் நம் பிள்ளைகள்.