இன்ஜினியர் கையெழுத்துக்கு மதிப்பு வரணுமா? டிகிரிக்கு அடுத்த சில வருஷத்தை இப்படிப் பயன்படுத்துங்க



ஃபிளாட் கட்டி விற்கிற பில்டர்களுக்கு 2016-ல வந்த ரெரா சட்டம் ஒரு நிபந்தனை போடுது. வாங்குறவங்க கொடுக்கிற பணத்துல 70 சதவீதத்தைத் தனி பேங்க் கணக்குல வைக்கணும். அதுல இருந்து பணம் எடுக்கணும்னா வேலை எவ்வளவு முடிஞ்சிருக்குன்னு மூணு பேர் சான்று கொடுக்கணும்: இன்ஜினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர்.

ஆடிட்டருக்கு 1949-ம் வருஷச் சட்டம் இருக்கு. ஆர்க்கிடெக்ட்டுக்கு 1972-ம் வருஷச் சட்டம் இருக்கு. இன்ஜினியருக்கு அதுமாதிரி நாடு முழுக்கப் பதிவு செய்ய வைக்கிற தனிச் சட்டம் நடைமுறையில இல்லை. அதனால பி.இ முடிச்ச பல பேர் "டிகிரி இருக்கே, போதாதா?"ன்னு நின்னுடுறாங்க. சம்பளம் ஒரு கட்டத்துக்கு மேல ஏறாம நிற்கும்போதுதான் இந்தக் கேள்வியே வருது.

டிகிரிக்கு மேல என்ன பதிவு இருக்கு?

இந்தியாவுல பழைய அமைப்பு, இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் (இந்தியா). 1920-ல சென்னையில பதிவானது, 1935-ல ராயல் சார்ட்டர் வாங்கினது. இதுல கார்ப்பரேட் உறுப்பினர் ஆனவங்க 'சார்ட்டர்ட் இன்ஜினியர்' சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். பழைய மெஷின் இறக்குமதி பண்ணும்போது கஸ்டம்ஸுக்கு மதிப்பீடு, ஈ.பி.சி.ஜி திட்டத்துல மெஷின் நிறுவியதற்கான சான்று, இதெல்லாம் இவங்க கையெழுத்துல நடக்கிற வேலைகள்.

வெளிநாடு போறவங்களுக்கு இன்னொரு கதவு, சர்வதேச புரொஃபஷனல் இன்ஜினியர் பட்டியல். டிகிரிக்குப் பிறகு குறைஞ்சது 7 வருஷ அனுபவம், அதுல 2 வருஷம் முக்கியமான வேலைக்கு நீங்களே பொறுப்பு. இதுதான் அங்க அளவுகோல்.

நம்ம கடலூர் மாவட்டத்துல இருந்து வளைகுடா போறவங்க ஒண்ணைக் கவனிக்கணும். 2018-ல குவைத்துல, இன்ஜினியர்கள் விசா புதுப்பிக்க குவைத் இன்ஜினியர்கள் சங்கத்தோட ஒப்புதல் வேணும்னு கட்டாயம் ஆச்சு. என்.பி.ஏ அங்கீகாரம் இல்லாத கோர்ஸ்ல படிச்ச நம்ம ஊர்க்காரங்க பலர் தவிச்சுப் போனாங்க. சவுதியிலயும் இன்ஜினியர் கவுன்சில் பதிவு இல்லாம அந்தப் பதவியில வேலை பார்க்க முடியாது. உங்க கோர்ஸுக்கு, நீங்க படிச்ச வருஷத்துல என்.பி.ஏ இருந்ததான்னு இன்னைக்கே பாருங்க.

ஆடிட்டருக்குக் கிடைக்கிறது, இன்ஜினியருக்குக் கிடைக்காதது

சி.ஏ படிக்கிறவங்க ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணியே ஆகணும். முன்னாடி 3 வருஷம், 2023-க்குப் பிறகு 2 வருஷம். ஒரு சீனியர் பக்கத்துல உட்கார்ந்து, அவர் திட்டி, திருத்தி, கத்துக்கிட்டு வர்றோம். அதாவது எங்களுக்கு வழிகாட்டி விதிப்படியே கிடைச்சுடுது. இன்ஜினியருக்கு அப்படி யாரையும் யாரும் ஒதுக்கித் தர்றதில்லை. நீங்களே தேடிக்கணும்.

பண்ருட்டிச் சந்தையில பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே பழுத்ததா இல்லையான்னு சொல்ற ஆட்கள் இருக்காங்க. உங்க வேலையை அப்படித் தட்டிப் பார்த்துச் சொல்ற ஒரு ஆள் வேணும். அவர்தான் வழிகாட்டி.

ஆளை எங்க தேடுறது?

1. நெய்வேலி நமக்குப் பக்கம். என்.எல்.சி-யில வேலை பார்த்து ஓய்வு பெற்ற சீனியர் இன்ஜினியர்கள் அங்க நிறைய. இன்ஸ்டிடியூஷனோட உள்ளூர் கிளையும் அங்க இருக்கு.
2. செப்டம்பர் 15 பொறியாளர் தினம். இந்த மாதிரி கூட்டத்துக்குப் போனா விசிட்டிங் கார்டு பத்து வாங்குறதை விட, ஒருத்தர்கிட்ட ஒரு நல்ல கேள்வி கேட்டுட்டு வாங்க.
3. உங்க கம்பெனியிலேயே வேற டிபார்ட்மென்ட் சீனியர். நேரடி பாஸ் வேண்டாம். இன்கிரிமென்ட் போடுறவர்கிட்ட உங்க பலவீனத்தை மனசு விட்டுப் பேச முடியாது.

முதல் மெசேஜ் இப்படி இருக்கட்டும்: "வணக்கம் சார். நான் சிப்காட்ல மெயின்டனன்ஸ் பிரிவுல 3 வருஷமா இருக்கேன். சார்ட்டர்ட் இன்ஜினியர் ஆகணும்னு இருக்கேன். என் வேலை விவரத்தை ஒரு பக்கத்துல எழுதியிருக்கேன். அரை மணி நேரம் பார்த்துச் சொன்னா உதவியா இருக்கும் சார்." வேலை வாங்கித் தாங்கன்னு கேட்காதீங்க. அது வேற கோரிக்கை.

என்ன காட்டுறது?

பிரிட்டன் இன்ஜினியரிங் கவுன்சில் 5 திறமைகளைப் பார்க்குது: அறிவு, வடிவமைத்துப் பிரச்சினை தீர்ப்பது, பொறுப்பும் தலைமையும், தகவல் தொடர்பு, தொழில் ஒழுக்கம். நீங்க எங்க பதிவு பண்ணினாலும் இந்த 5 தலைப்புல ஒரு நோட்டு போடுங்க. மாசம் ரெண்டு பதிவு போதும்: என்ன பிரச்சினை, என்ன கணக்கு போட்டீங்க, என்ன முடிவு எடுத்தீங்க, என்ன ஆச்சு, யாருக்குத் தெரியும்.

முக்கியமா, "நாங்க பாய்லரைச் சரி பண்ணினோம்"னு எழுதாதீங்க. "நான் என்ன பண்ணினேன்"னு எழுதுங்க. பரிசீலிக்கிறவர் தேடுறது உங்க பங்கைத்தான். கம்பெனியோட ரகசிய டிராயிங்கை மட்டும் வெளியே எடுத்துட்டுப் போகாதீங்க.

மூணு மாசத்துக்கு ஒரு தடவை வழிகாட்டியைப் பாருங்க. போன தடவை அவர் சொன்னதுல எதைச் செஞ்சீங்கன்னு முதல்ல சொல்லுங்க. அப்பதான் அடுத்த தடவையும் நேரம் கொடுப்பார்.

இப்ப நம்ம சப்ஜெக்ட், பணம்

சம்பளக்காரர் கட்டுற உறுப்பினர் கட்டணத்துக்கு வருமான வரியில தனிக் கழிவு கிடையாது. அதைச் செலவா எடுக்காம, முதலீடா எடுத்துக்கோங்க.

பதிவுக்குப் பிறகு, கம்பெனி எழுத்துல அனுமதி கொடுத்தா மட்டும், வெளி வேலை எடுக்கலாம். 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறையில ஒரு கற்பனைக் கணக்கு:

- சம்பளம் 9,00,000 ரூபாய். நிலையான கழிவு 75,000 போக 8,25,000.
- சான்றிதழ் வேலை வரவு 1,20,000. 44ஏ.டி.ஏ பிரிவுப்படி பாதி, அதாவது 60,000 வருமானமா காட்டலாம்.
- மொத்தம் 8,85,000. இது 12 லட்சத்துக்குள்ள இருக்கிறதால வரி இல்லை. உங்களுக்குப் பணம் கொடுத்தவர் டி.டி.எஸ் பிடிச்சிருந்தா, ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை

பதிவு வந்ததும் "நேர்ல பார்க்க வேண்டாம் சார், கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு ஆட்கள் வருவாங்க. பார்க்காத மெஷினுக்கும், போகாத சைட்டுக்கும் கையெழுத்து போடாதீங்க. நாளைக்கு விசாரணை வந்தா கூப்பிடுறது காகிதத்துல இருக்கிற பேரைத்தான். அதே மாதிரி, உங்க வழிகாட்டிகிட்டயும் அவர் பார்க்காத வேலைக்கு உறுதி கேட்காதீங்க.

இந்த வாரம் மூணு வேலை

என்.பி.ஏ விவரம் பாருங்க. நோட்டுல முதல் பதிவு எழுதுங்க. ஒரு சீனியருக்கு மெசேஜ் அனுப்புங்க. மூணுக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். பலா கூட நட்ட வருஷமே காய்க்காது, ஆனா இன்னைக்கு நட்டாத்தான் காய்க்கும். 44ஏ.டி.ஏ பத்தி அடுத்த வீடியோவுல விரிவா பார்க்கலாம்.