எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுகிறேன். தொளி உழவில் அரைமணி நேரம் ஓடியதும் பழைய மாஸி பெர்குசனின் ஆயில் பிரஷர் முள் படுத்துவிடுகிறது, பட்டறைக்காரர் அதைப் பார்த்த மாத்திரத்தில் "பேரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்கிறார் என்று எழுதியிருந்தாய். இறக்க வேண்டியும் வரலாம். ஆனால் அது கடைசியில் செய்கிற வேலை. அதற்கு முன்னால் வன்னியம்பட்டியில் உங்கள் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திவைத்துக் கண்டுபிடிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. பரீட்சைக்குப் படிப்பதைவிடக் கவனமாக இதைப் படி.

உங்களுடையது 1035. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனியின் வண்டி. உள்ளே இருப்பது சென்னை செம்பியத்து சிம்ப்சன் எஞ்சின், மூன்று சிலிண்டர். இங்கிலாந்து பெர்க்கின்ஸ் கம்பெனியிடம் உரிமம் வாங்கி டீசல் எஞ்சின் செய்து பழகியவர்கள் சிம்ப்சன்காரர்கள். எண்ணெய் ஒழுங்காகக் கிடைக்கும்வரை இந்த எஞ்சின்கள் தலைமுறை தாண்டி உழைக்கும். உதிரிப் பாகமும் இன்றுவரை கிடைக்கிறது. எனவே கைவிடத் தேவையில்லை, பதறவும் தேவையில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். ஆயில் பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். அந்த எண்ணெய் பேரிங் இடுக்குகளில் புகுந்து வெளியேறச் சிரமப்படுவதால்தான் பிரஷர் பிறக்கிறது. தோட்டத்து மோட்டார் எப்போதும்போல ஓடினாலும், ஓஸில் ஓட்டை விழுந்தால் நுனியில் தண்ணீர் பீச்சாது அல்லவா, அந்தக் கதைதான். இதில் பலர் அறியாத கணக்கு ஒன்று உண்டு: பேரிங் இடைவெளி இரண்டு மடங்கானால், வழிந்தோடும் எண்ணெய் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்காகிறது. தேய்மானம் கொஞ்சமாக இருக்கும்போதே முள் இறங்குவதற்குக் காரணம் இதுதான். சூடும் சேர்ந்துகொள்கிறது. 40 டிகிரியில் எண்ணெய்க்கு இருக்கும் கெட்டித்தன்மை 100 டிகிரியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எண்ணெய் கீழே இறங்கும்வரை பொறுத்திருந்து டிப் ஸ்டிக்கை உருவிப் பார். அளவு குறைந்திருந்தால் ஊற்றுகிறோம், ஒழுகுகிற இடத்தைத் தேடுகிறோம். நான் அதிகம் பயப்படுவது அளவு கூடியிருந்தால்தான். நீ ஊற்றாமலே எண்ணெய் ஏறியிருக்கிறதென்றால் டீசலோ தண்ணீரோ கலக்கிறது. ஃபீட் பம்பின் டயஃபிரம் கிழிந்தால் டீசல் எஞ்சினுக்குள்ளேயே இறங்கக்கூடும். நாசில் ஒழுகினாலும் அப்படித்தான். முகர்ந்து பார். செய்தித்தாளில் ஒரு சொட்டு விடு. டீசல் கலந்திருந்தால் கறையைச் சுற்றி எண்ணெய் வளையம் அகலமாகப் பரவும். எண்ணெய் வெளுத்துக் கலங்கியிருந்தால் தண்ணீர். ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகி. டயஃபிரம் மாற்றி, புது எண்ணெயும் ஃபில்டரும் போட்டால் தீர்ந்துவிடும் நோய்க்கு எஞ்சினை அறுத்துப் போட்டவர்கள் உண்டு.

அடுத்தது மீட்டர். டேஷ்போர்டில் இருக்கும் கிழட்டு மீட்டரை நம்பி எந்த முடிவுக்கும் வராதே. எஞ்சின் பிளாக்கில் அதன் குழாய் சேரும் இடத்தில், சரியென்று தெரிந்த வேறொரு மீட்டரை மாட்டு. பழைய செம்புக் குழாயில் விரிசல் இருந்தால் அதையும் அப்போதே பார்த்துவிடலாம்; அந்த விரிசல் வழியாகவே எண்ணெய் முழுக்கக் கொட்டி எஞ்சின் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு. பிறகு நோட்டில் நான்கு எண்களை எழுது: குளிர்ந்த எஞ்சின் ஸ்லோவில் எவ்வளவு, முழு ரேஸில் எவ்வளவு, அரைமணி நேரம் வேலை பார்த்துச் சூடேறிய பின் ஸ்லோவில் எவ்வளவு, முழு ரேஸில் எவ்வளவு. சூடான நிலையில் முழு வேகத்தில் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 60 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 முதல் 4 கிலோ, இந்த வகைப் பெர்க்கின்ஸ் எஞ்சின்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. உன் எஞ்சினின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே முடிவு. சூட்டில், ஸ்லோவில் 10 பவுண்டு காட்டுகிறது என்பதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த நான்கு எண்கள் பேசும். குளிரில் நன்றாக ஏறி, சூட்டில் படுத்தால் எண்ணெய் நீர்த்திருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி தாழ்ந்து, ரேஸ் கொடுத்தாலும் ஏறாவிட்டால் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், ஸ்பிரிங் ஒடிந்திருக்கலாம், பம்பே தேய்ந்திருக்கலாம். முள் ஒரு நிலையில் நிற்காமல் துடித்தால், அதுவும் மலையடிவாரத் தோப்பில் மேடேறும்போது துடித்தால், பம்பு காற்றை இழுக்கிறது; எண்ணெய் குறைவு, ஸ்ட்ரெய்னர் அடைப்பு, உறிஞ்சு குழாய் லூஸ், இவற்றில் ஒன்று. நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் வண்டி முதல் வகை என்று தோன்றுகிறது. மாற்று மீட்டர் போட்டுப் பார்க்காமல் அதையும் நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

எண்ணெய் மாற்றும்போது பழையதைக் கண்மூடித்தனமாகக் கொட்டாதே. வெள்ளைத் துணியில் வடிகட்டு. ஃபில்டரை அறுத்துக் காகித மடிப்புகளை விரித்துப் பார். மினுங்கும் துகள் இருந்தால் காந்தத்தைக் காட்டு. ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் வெள்ளியாகவோ செம்பு நிறத்திலோ மின்னினால் பெரும்பாலும் பேரிங் உதிர்கிறது. பட்டறைக்காரர் சொன்னது சரி என்பதற்கு அப்போதுதான் சாட்சி கிடைக்கிறது.

அப்படியானால் ஆயில் சேம்பரைக் கழற்றத்தான் வேண்டும். ஒரு எச்சரிக்கை: டிராக்டருக்கு லாரிபோலத் தனிச் சேசிஸ் கிடையாது. எஞ்சினே வண்டியின் முதுகெலும்பு. பல மாடல்களில் வார்ப்பிரும்புச் சேம்பரும் பாரம் தாங்கும். முட்டுக் கொடுக்காமல் எந்தப் போல்டையும் தொடாதே, தனியாளாக அடியில் படுக்காதே. திறந்ததும் ஸ்ட்ரெய்னரையும் பம்பையும் ரிலீஃப் வால்வையும் பார்த்துவிட்டு, ஒரு பிக் எண்ட் மூடியையும் ஒரு மெயின் மூடியையும் மட்டும் கழற்று. உள்ளே இருக்கும் பேரிங் ஷெல்லில் மேல்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தால் செட் முழுதும் மாற்ற வேண்டியதுதான். ஆனால் கிராங்கை மைக்ரோமீட்டரில் அளக்காமல் புது ஷெல் வாங்காதே. வட்டம் கெட்டிருந்தால் பத்து தௌ, அதாவது கால் மில்லிமீட்டர், கிரைண்டிங் செய்து அதற்கேற்ற ஷெல் போட வேண்டும். தேய்ந்த கிராங்கில் புது ஷெல் போட்டால் பணம்தான் வீண்.

இதற்கிடையில் யாராவது வந்து கெட்டியான எண்ணெய் ஊற்று, டப்பா மருந்து ஊற்று, முள் எழுந்துவிடும் என்பார்கள். எழும். காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் முக்குகிற வேலை அது. காலையில் அந்தக் கெட்டி எண்ணெய் மேலேறத் தாமதமாகும் ஒவ்வொரு நொடியும் பேரிங் வறண்டு உரசும். கண்டிப்பாக வேண்டாம்.

பம்பையோ சேம்பரையோ திறந்து மூடினால், ஃபில்டரில் எண்ணெய் நிரப்பி, ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடி. விட்டு விட்டு அடி. முள் எழுந்த பிறகுதான் எஞ்சினுக்கு டீசல் போக வேண்டும்.

நாளைக்கே மீட்டரை மாட்டி, அந்த நான்கு எண்களையும் எனக்கு எழுதி அனுப்பு. அதுவரை வண்டியைத் தொளியில் இறக்க வேண்டாம் என்று உன் அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
மாமா