பாடும் பிள்ளைக்கு ஒரு பரிசு: வீட்டு ஒலிப்பதிவுக் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

பாட்டுப் பயிலும் பதின்பருவப் பிள்ளைக்குத் தன் குரலைத் தானே திரும்பக் கேட்பது பெரும் பயிற்சி. சுருதி எங்கே விலகியது, மூச்சு எங்கே தளர்ந்தது, சொல் எங்கே தேய்ந்தது என்பவற்றைப் பதிவு ஒளிக்காமல் காட்டிவிடும். எனவே பிறந்தநாளுக்கோ தேர்வு வெற்றிக்கோ ஒலிப்பதிவுக் கருவிகளைப் பரிசளிக்கப் பெற்றோர் பலர் விரும்புகின்றனர். விருப்பம் நன்று. ஆயினும், ஆராயாமல் வாங்கிய கருவி சில வாரங்களில் அலமாரிக்குள் அடங்கிவிடும். அதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு: பதிவில் கேட்கும் எதிரொலியையும் இரைச்சலையும் தன் குரலின் குறையென்று பிள்ளை நம்பிவிடுதல். ஆகவே எதை வாங்குவது என்பதோடு, எந்த வரிசையில் வாங்குவது என்பதையும் இங்கே காண்போம்.

முதலில் அறை

பெங்களூருவின் தென்கோடியில் உள்ள ஹெப்பகோடியை எடுத்துக்கொள்வோம். ஓசூர் சாலையில் சரக்கு லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அருகிலேயே பொம்மசந்திரா தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்டு முதல் சாலையின் மேலே மெட்ரோ ரயிலும் செல்கிறது. இப்பகுதியில் வாடகை வீட்டில் வாழும் குடும்பத்தின் அறை பெரும்பாலும் ஓட்டுக்கல் தரையும் வெற்றுச் சுவர்களும் கொண்டது. அத்தகைய அறையில் எத்தனை உயர்ந்த மைக்கை வைத்தாலும், குரலோடு லாரியின் ஹாரனும் சுவரின் எதிரொலியும் சேர்ந்தே பதிவாகும்.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. சாலையைப் பார்க்காத உள்ளறையைத் தேர்ந்தெடுங்கள். தரையில் ஜமக்காளம் விரித்து, சன்னலுக்குத் தடித்த திரையிடுங்கள். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடினால் எதிரொலி வெகுவாகக் குறையும். பாடுபவரின் பின்னே கொடியில் தொங்கும் கனத்த போர்வையும் இதே பணியைச் செய்யும். வாடகைச் சுவரில் ஆணி அடிக்கவும் வேண்டியதில்லை. சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டுவதால் வெளிச்சத்தம் தடைபடாது. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போக்குவரத்து தணிந்த விடியற்காலையில் பதிவு செய்வதே வெளிச்சத்தத்திற்கு எளிய மருந்து.

இவ்வரிசைக்கு நம் கண்முன்னே ஒரு சான்றும் உண்டு. இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் 1989இல் சென்னையில் தம் இல்லத்தை ஒட்டியே பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் ‘ரோஜா’ வெளிவந்தபோது அக்கூடத்தின் ஒலி நாடறிந்ததாயிற்று. தொடக்கத்தில் அங்கே குளிர்சாதனமும் அலமாரியும் தரைவிரிப்புமே இருந்தன என்றும், கருவி வாங்கப் பணமில்லாமல் அமர்ந்திருந்ததாகவும், தாயார் நகைகளை அடகு வைக்கத் தந்த பின்னரே முதல் பதிவுக் கருவி வந்ததென்றும் அவர் பேட்டியில் கூறியுள்ளார். அறை முதலில் வந்தது; கருவி பின்னரே வந்தது.

எந்த மைக்?

பாடகர்கள் பயன்படுத்தும் மைக்குகள் பெரும்பாலும் இருவகை. கண்டென்சர் மைக் நுண்ணிய ஒலிகளையும் கவரும்; அமைதியான அறையில் அதன் பதிவு மிக அழகாக இருக்கும். ஆனால் அது தெருவின் ஓசையையும் விடாமல் கவரும். தனித்தியங்கும் கண்டென்சர் வகைகளுக்குப் பொதுவாக 48 வோல்ட் மின்னழுத்தமும் தேவை. டைனமிக் மைக் அத்தனை நுண்ணுணர்வு கொண்டதன்று. அருகில் நின்று பாடும் குரலை முதன்மையாகக் கவர்ந்து, தொலைவிலுள்ள ஓசையைப் பின்தள்ளும். உறுதியானது, மேடையிலும் பயன்படும். ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 என்னும் டைனமிக் மைக் 1966 முதல் விற்பனையில் இருப்பதே இவ்வகையின் ஆயுளுக்குச் சான்று. சந்தடி மிக்க பகுதியில் வாழ்வோருக்கு முதல் பரிசாக டைனமிக் மைக்கையே பரிந்துரைக்கிறோம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 12 முதல் 15 வயதிற்குள் குரல் உடைந்து தாழ்கிறது. 13 வயதுக் குரலுக்கென்று மிக நுணுக்கமாகத் தேர்ந்த விலையுயர்ந்த மைக் 16 வயதுக் குரலுக்குப் பொருந்தாமற் போகலாம். எக்குரலுக்கும் இணங்கும் பொதுவான மைக்கே இவ்வயதிற்கு ஏற்றது.

உடன் வேண்டுவன

மைக்கின் ஒலியைக் கணினிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் சிறு பெட்டி ஆடியோ இன்டர்ஃபேஸ். ஒரே ஒரு மைக் பொருத்தும் வகையே தொடக்கத்திற்குப் போதும். யு.எஸ்.பி. மைக்கிற்கு இப்பெட்டி தேவையில்லை; செலவும் குறையும். ஆனால் பின்னாளில் ஒரு பகுதியை மட்டும் மாற்ற இயலாது.

காதை முழுதும் மூடும் ஹெட்போன் இன்றியமையாதது. தம்புராவின் சுருதியை அதில் கேட்டுக்கொண்டே பாடினால், சுருதி மைக்கில் கசியாமல் குரல் தனியே பதிவாகும். அசையாத தாங்கி, ‘ப’கர ஒலியின் காற்றடியைத் தடுக்கும் வடிகட்டி, தரமான கேபிள் ஆகிய மூன்றையும் மறவாதீர்கள்.

புதிய கணினி வேண்டியதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் ஒற்றைக் குரலைப் பதிவு செய்ய நிமிடத்திற்கு 8.6 மெகாபைட் அளவு இடமே செலவாகும். ஆடாசிட்டி போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

பணத்தைப் பகிர்தல்

ஒதுக்கிய தொகை பத்துப் பங்கு எனில், மைக்கிற்கு மூன்று, இன்டர்ஃபேஸுக்கு மூன்று, ஹெட்போனுக்கு இரண்டு, தாங்கி முதலியவற்றிற்கு ஒன்று, அறைக்கு ஒன்று எனப் பகிரலாம். முழுத்தொகையையும் மைக்கிலேயே செலவிடுவது, நல்ல வீணை வாங்கித் தந்தி வாங்க மறப்பதை ஒக்கும்.

‘வட்டியில்லாத் தவணை’ என்னும் அறிவிப்பைக் கண்டால் சற்று நில்லுங்கள். இத்தகைய திட்டங்களில் வட்டி பெரும்பாலும் செயலாக்கக் கட்டணமாக மறைந்திருக்கிறது என்று 2013லேயே இந்திய ரிசர்வ் வங்கி சுட்டிக்காட்டியது. ரொக்க விலையையும், தவணைகளோடு கட்டணமும் வரியும் சேர்ந்த மொத்தத்தையும் அருகருகே எழுதி ஒப்பிடுங்கள். தொழிலுக்கு மூலதனமாகக் கடன் பெறுவது வேறு. பரிசுக்குக் கடன் பெறுவது வேறு. மாதம் 1,500 ரூபாயைத் தொடர் வைப்பில் இட்டுவந்தால், ஓராண்டில் 18,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். 10 வயது நிறைந்த சிறார்கள் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம். ஹெட்போனின் பங்கைப் பிள்ளையே தன் கணக்கில் சேர்க்கட்டும். தான் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருளின் அருமையை அப்பிள்ளை அறியும்.

வாங்கும்போதும் வாங்கிய பின்னும்

இயன்றவரை பிள்ளையையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஹெப்பகோடியிலிருந்து மெட்ரோவில் ஆர்.வி. சாலை நிலையம் சென்று, பச்சை வழித்தடத்திற்கு மாறினால், சிக்பேட்டையில் இறங்கி மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. சாலையை அடையலாம். அங்கே பிள்ளையைப் பாடச் செய்து, பதிவைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்துங்கள்.

ஹெட்போனின் ஒலியளவிலும் கவனம் தேவை. சிறார்கள் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின் 75 டெசிபலைத் தாண்டலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். பாடகருக்குத் தொண்டையைப் போலவே செவியும் மூலதனம்.

இறுதியாக ஒன்று. முதல் மாதப் பதிவுகள் பிள்ளைக்கே உரியவை. அவற்றை இசைவின்றி உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவிற்கு அனுப்பாதீர்கள். தவறிப் பாடவும், கேட்டுத் திருத்தவும், அழித்துவிட்டு மீண்டும் தொடங்கவும் ஓர் அமைதியான இடம் கிடைப்பதே இப்பரிசின் பயன்.