ஒரு கண்ணுக்குள் ஒரு லயம்

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பதுளை மாவட்டத்தில் அதை மறந்தவர்கள் இல்லை. மழைக்காலம் வந்தால் எமது வீட்டிலும் பின்பக்க மண்மேட்டைப் பற்றித்தான் பேச்சு. சென்ற விடுமுறையில், பொறியியல் கற்கும் நானா அந்த மேட்டிலிருந்து சேறு இறங்கினால் எங்கே போகும் என்று மடிகணினியில் கணித்துப் பார்த்தார். பக்கத்திலிருந்து நான் விளங்கிக்கொண்டதை எழுதுகிறேன். கணிதப் பிரிவில் இல்லாத தோழிகளும் பயமின்றி வாசிக்கலாம்.

நீர், காற்று, சேறு போன்ற ஓடும் பொருள்களின் சமன்பாடுகளை மேடுபள்ளமான மலைக்குத் தாளில் தீர்க்க முடியாது. ஆகவே இடத்தை மீன்வலை போலச் சிறு கண்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் ஓர் உயரம், ஒரு வேகம், ஓர் ஆழம். பக்கத்துக் கண்ணுக்கு எவ்வளவு போகிறது என்று கணினி கணக்குப் பார்க்கிறது. கணினி வருமுன்பே லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் 1910 மே 20ஆந் திகதிய வானிலையை இப்படிக் கட்டம் போட்டுக் கையால் கணித்தார். ஆறு மணித்தியாலத்தில் அமுக்கம் 145 மில்லிபார் கூடும் என்று விடை வந்தது. உண்மையில் அது பெரிதாக மாறவேயில்லை. அந்தப் பிழையான விடையையும் மறைக்காமல் 1922இல் நூலில் அச்சிட்டார். எனக்கு அவரைப் பிடித்தது அதனால்தான்.

நானா எடுத்த உயரத் தரவு 2000 பெப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் ராடாரால் அளந்தது. இணையத்தில் இலவசம். அதில் ஒரு கண் ஏறத்தாழ 30 மீற்றர். பத்தடி அகலக் காம்பராக்கள் பத்து வரிசையாக உள்ள ஒரு லயமும் நூறு அடி, அதாவது 30 மீற்றர்தான். பத்துக் குடும்பமும் ஒரே கண்ணுக்குள்! லயத்தின் பின்னால் வெட்டிய மண்சுவர், தேயிலை மலையின் கான், சிறு ஓடை எதுவும் கணினிக்குத் தெரியாது. சேறு தேடிப் போவதோ அந்தக் கானையும் ஓடையையுந்தான்.

"அப்படியென்றால் கண்ணைச் சின்னதாக்குங்களேன் நானா" என்றேன். சிரித்தார். கண்ணைச் சிறிதாக்கினால் புதிய உயரம் கிடைக்காது. பழைய எண்களுக்கு நடுவே ஊகித்து நிரப்புவது மட்டுமே நடக்கும். எனவே வாப்பாவும் நானும் அளவுநாடா பிடித்து ஓடையையும் பின்சுவரையும் அளந்து கொடுத்தோம்.

எல்லா இடத்திலும் சிறிய கண் வைக்கவும் முடியாது. பக்கத்தைப் பாதியாக்கினால் கண்கள் நான்கு மடங்கு. கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். இல்லாவிட்டால் சேறு ஒரே தாவலில் ஒரு கண்ணையே கடந்துவிடும். ஆக வேலை எட்டு மடங்கு. ஓடைக்கும் சுவருக்கும் அருகில் மட்டும் சிறிய கண், அங்கிருந்து படிப்படியாகப் பெரிய கண். திடீரென்று பெரிதானால் அந்த எல்லையில் பிழை சேரும். பிறகு சிறிய கண்களை மேலும் பாதியாக்கி மீண்டும் ஓட்டவேண்டும். விடை மாறினால் முந்தியதை நம்பக் கூடாது. எமக்கு இரண்டு மீற்றரில் ஒரு விடை, ஒரு மீற்றரில் வேறு விடை. அரை மீற்றரில்தான் ஓரளவு நின்றது. அதற்கு மடிகணினி ஓர் இரவு முழுக்க ஓடியது.

படம் பாராவியூ என்ற இலவச மென்பொருளில். வீடு இருந்த இடம் நல்ல நீலம். உம்மா பார்த்து "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். நானா நிற அளவுகோலைக் காட்டினார். மென்பொருள் தானாகவே 0 முதல் 6 மீற்றர் வரை எடுத்திருந்தது. பள்ளத்தில் சேறு அவ்வளவு ஆழம். அதை 0 முதல் 1 மீற்றராக மாற்றியதும் குசினிப் பக்கம் செம்மஞ்சளானது. அறுபது சென்ரிமீற்றர் சேறு. வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்றால் திறக்காது. உம்மா வெகுநேரம் பேசவில்லை.

நிறங்கள் குழைந்து அழகாகத் தெரிவதிலும் ஏமாற்று உண்டு. கண்களின் கோடுகளையும் சேர்த்துக் காட்டச் சொன்னால்தான் எங்கே கணித்தது, எங்கே பூசி மெழுகியது என்று தெரியும்.

இதை வைத்து நாங்கள் எந்த முடிவும் எடுக்கவில்லை. அது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவன அதிகாரிகள் மண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. அவர்களுக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். வாப்பா இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் போகுமுன் ஓடையில் அடைத்த இலைகுப்பையை அள்ளுகிறார். குசினிக் கதவை உட்பக்கம் திறக்கும்படி மாற்றியாகிவிட்டது.