டெஸ்டர் எரிந்தால் போதுமா?

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. வயரிங்கைப் பார்க்க வந்தவர் ஸ்விட்ச் போர்டுகளில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். பத்தே நிமிடத்தில் “எல்லாம் சரியா இருக்கு” என்று கூலி வாங்கிப் போய்விட்டார். நம்பலாமா?
– வாசகி, ஏரல்

பதில்: நம்ப வேண்டாம். டெஸ்டர் எரிந்தால் கரன்ட் வருகிறது என்று தெரியும். எங்கே கசிகிறது என்று தெரியாது. தாமிரபரணித் தண்ணீர் சுவருக்குள் இருக்கும் பைப்பில் சேற்றையும் விட்டுப் போயிருக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே வயர் இணைப்புகள் களிம்பு பிடித்துக் கிடக்கும்.

கசிவைக் காட்டிக்கொடுப்பது வயரின் இன்சுலேஷனை அளக்கும் ‘மெக்கர்’ கருவி. மெயினை அணைத்து, பிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் சோதிப்பார்கள். இன்சுலேஷன் அளவு 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த வயர் ஆகாது. பத்து நிமிடத்தில் முடிகிற வேலையா இது? எர்த்தையும் கருவி வைத்தே அளக்க வேண்டும். குழியில் தண்ணீர் ஊற்றுவது சோதனை ஆகாது.

கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? அதன் ‘டெஸ்ட்’ பொத்தானை அமுக்கினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள்.

லைசென்ஸ் உள்ள வேறொருவரை அழைத்து, அளவுகளை எழுதி வாங்குங்கள். அதுவரை சுவரையோ குழாயையோ தொடும்போது சுர்ரென்றால், மெயினை அணைத்துவிடுங்கள்.