ரங்கூனுக்குப் போகலாமா?

கேள்வி: என் அப்பாவைப் பெற்ற ஐயா ரங்கூன் மொகல் தெருவில் லேவாதேவி செய்தவர். அந்தத் தெருவை ஒருமுறை பார்த்துவிட ஆசை. ‘நீங்கள் செலவழிக்கிற ஒவ்வொரு காசும் ராணுவத்துக்குத்தான் போகும்’ என்று மகள் தடுக்கிறாள். ஒரே ஒரு ஆள் போவதால் என்ன ஆகிவிடும்?
— வாசகர், காரைக்குடி

பதில்: முதலில் உங்கள் மகளுக்குச் சொல்லிவிடுகிறேன். மியான்மர் ராணுவத்தைத் தாங்கிப் பிடிப்பது சுற்றுலா வருமானம் அல்ல. கடலில் எடுத்துத் தாய்லாந்துக்கும் சீனாவுக்கும் குழாய் வழியே விற்கும் எரிவாயுவில் கிடைக்கும் பணத்தின் முன்னால் உங்கள் விமான டிக்கெட் ஒரு பொருட்டே இல்லை.

அதற்காக உடனே பெட்டியைக் கட்டிவிடாதீர்கள். விஷயம் காசோடு முடிவதில்லை.

1990 தேர்தலில் ஆங் சான் சூகியின் கட்சி வென்றது. ராணுவம் பதவியைக் கொடுக்கவில்லை. அதே ராணுவம் 1996-ஐ ‘மியான்மருக்கு வாருங்கள்’ ஆண்டாக அறிவித்தது. விருந்தாளிக்கு வீட்டைத் துப்புரவாக்க வேண்டுமே! மாண்டலே அரண்மனையைச் சுற்றி, பக்கத்துக்கு 2 கிலோமீட்டர் நீளத்தில் ஓர் அகழி இருக்கிறது. நகரவாசிகளையும் கைதிகளையும் அதில் இறக்கிக் கூலியில்லாமல் சேறு அள்ள வைத்தார்கள். பகான் கோயில்களுக்கு நடுவே குடியிருந்த மக்களை 1990-லேயே கிளப்பி, சில கிலோமீட்டர் தள்ளி ‘புதிய பகான்’ என்ற ஊரில் கொண்டுபோய் விட்டாயிற்று. ‘இப்போது வராதீர்கள்’ என்று சூகி உலகத்தாரைக் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளுக்கு மரியாதை இருந்ததென்றால், வாக்குப் பெற்ற கட்சி தன் மக்கள் சார்பில் கேட்டது என்பதால்தான். 2011-இல் அதே கட்சி அதைத் தளர்த்தியது. கும்பலாக வரும் பேக்கேஜ் டூர் வேண்டாம், தனியாக வந்து சாதாரண மக்களிடம் செலவழிப்பவர்கள் வரலாம் என்றது. நல்ல யோசனை என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் 2021 பிப்ரவரியில், இடையில் வந்திருந்த மக்கள் தேர்ந்தெடுத்த அரசிடமிருந்து ராணுவம் மறுபடி ஆட்சியைப் பறித்தது. அதற்கு முன்பே, 2019-இல், ஐ.நா. உண்மை அறியும் குழு ராணுவத்தின் இரு வணிகக் குழுமங்களை, அதாவது பல தொழில்களைத் தன்னடியில் வைத்திருக்கும் தாய் நிறுவனங்களை, ஆராய்ந்தது. அவற்றின் கையில் குறைந்தது 120 தொழில்கள். வங்கி, காப்பீடு, சுற்றுலா எல்லாம் அதில் அடக்கம். வெளிநாட்டவர் உரிமம் பெற்ற விடுதியில்தான் தங்கலாம் என்பதால், ‘ஏழை வீட்டில் தங்கி அவர்களுக்கே கொடுத்துவிட்டு வருகிறேன்’ என்பதும் எளிதில் நடக்காது. விசாக் கட்டணம் எப்படியும் அரசுக்குத்தான்.

ஒரு ஆளால் என்ன ஆகும் என்றீர்கள். கஜானா நிறையாது. ஆனால் நாட்டில் எல்லாம் சுமுகம் என்று காட்ட ஆட்சியாளர்களுக்கு வேண்டியது உங்களைப் போன்ற முகங்கள்தான். இன்னொன்று, தெருவில் நீங்கள் ஆர்வமாக அரசியல் பேசினால் பெரும்பாலும் உங்களை விமானம் ஏற்றி அனுப்புவார்கள்; பதில் சொன்ன உள்ளூர்க்காரர் சிறைக்குப் போக நேரலாம்.

என்னைக் கேட்டால், ராணுவத்துக்கும் எதிர்ப்புப் படைகளுக்கும் அங்கே நடக்கும் சண்டை ஓயும்வரை தள்ளிப்போடுங்கள். இல்லை, வயதாகிறது, போயே தீருவேன் என்றால், முன்பதிவுக்கு முன் விடுதி யாருடையது என்று விசாரியுங்கள். வழிகாட்டியிடம் அரசியலை எடுக்காதீர்கள். அவராகவே ஏதும் சொன்னாலும், ஊர் திரும்பி ஃபேஸ்புக்கில் அவர் பெயரையும் படத்தையும் போட்டுவிடாதீர்கள்.